ஒரே பாட்டு ஏன் இரண்டு விதமாகக் கேட்கிறது? இசைத்தட்டு சொல்லும் வரலாறு



நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், தம் 27ஆம் வயதில் காலமானார். அவர் பேசும் படம் எதிலும் நடிக்கவில்லை. அவர் குரல் நமக்குக் கிடைப்பது இசைத்தட்டு வழியாகத்தான். அந்தக் காலப் பாட்டுகளை இன்று தேடிக் கேட்டால், ஒரே பாட்டு ஒரு பிரதியில் கீச்சென்றும் இன்னொன்றில் கனமாகவும் ஒலிப்பதுண்டு. "சார், இதுல எது அவரோட நெசமான குரல்?" என்று மாணவர் கேட்டால் என்ன சொல்வது? அதற்கு இசைத்தட்டு உருவான விதம் தெரிய வேண்டும்.

முதலாவது, பதிவு முறை. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தபோது மைக் கிடையாது. பெரிய புனலுக்குள் உரக்கப் பாட வேண்டும். அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் அதில் சரியாக விழாது. 1925இல் மைக் வழி மின்பதிவு வந்த பிறகே குரலின் நிறம் கூடுதலாகப் பதிவானது. ஆகவே, புனல் காலத்துக் குரல் மெலிந்து கேட்டால், பாடியவர் குரலே மெலிந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இரண்டாவது, அச்சு. மெழுகுப் பதிவிலிருந்து உலோக அச்சு எடுத்து, அதைக் கொண்டு அரக்குக் கலவையில் தட்டுகளை அழுத்துவார்கள். தொடக்கத்தில் இந்தியப் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகின. 1908 முதல் கல்கத்தாவிலேயே அச்சாகின. அழுத்த அழுத்த அச்சு தேயும். புது அச்சில் வந்த தட்டு தெளிவாக இருக்கும்; தேய்ந்த அச்சில் வந்தது இரையும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பழைய தட்டுகளை அரைத்துக் கலந்ததும் உண்டு. எண்ணும் லேபிளும் ஒன்றாக இருக்கலாம். ஒலி ஒன்றாக இருக்காது.

மூன்றாவது, வேகம். "78 தட்டு" என்கிறோம். ஆனால், நிமிடத்துக்கு 78 சுற்று என்பது ஆரம்பத்தில் எல்லாரும் கடைப்பிடித்த அளவல்ல. 74 சுற்றில் பதிவான தட்டை 78இல் ஓட்டினால், சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். பாட்டும் வேகமாக ஓடும். கீச்சுக் குரலுக்கு இதுவும் ஒரு காரணம்ங்க.

நான்காவது, மறுபதிவு. தட்டிலிருந்து நாடாவுக்கும், பிறகு குறுந்தட்டுக்கும், இணையத்துக்கும் பாட்டு மாறியது. இரைச்சலை நீக்குகிறேன் என்று வடிகட்டும்போது குரலின் கூர்மையும் சேர்ந்து போய்விடும்.

இது பழைய கதை மட்டுமல்ல. ஆஸ்திரியாவின் ஏகேஜி நிறுவனம் 1970களில் விற்ற கே240 ஹெட்போனில், நடு ஒலிப்பானைச் சுற்றி 6 சிறு சவ்வுகள் இருந்தன. பின்னர் வந்த கே240 வகைகளில் அவை இல்லை. பெயர் அதே கே240தான், ஒலி வேறு. ஒரே சமயத்தில் வாங்கிய இரண்டு ஹெட்போன்கள்கூட, ஒன்றின் காது மெத்தை நைந்து போனால் ஒரே மாதிரி கேட்காது.

படிவம் 1 வரலாற்றில் முதல்நிலை மூலம், இரண்டாம் நிலை மூலம் என்று படிக்கிறோம். இசைத்தட்டு முதல்நிலை மூலம்தான். ஆனாலும் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது. பதிவானது எப்போது? எந்த அச்சு? எந்த வேகம்? நம் கைக்கு எத்தனை கை மாறி வந்தது? இந்த நான்கையும் கேட்கப் பழகிய மாணவர், தேர்வில் எந்த மூலத்தைக் கொடுத்தாலும் தடுமாற மாட்டார்.

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்குக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் போட்ட 'பிளேட்டுப் பாட்டு' நினைவிருக்கும். யார் வீட்டிலாவது பழைய தட்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இணையத்தில் அதே பாட்டு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அதே பாட்டுதான், அதே ஒலி அல்ல. தட்டின் லேபிளையும் எண்ணையும் மாணவர்களைக் கொண்டு குறித்து வைக்கச் சொல்லுங்கள். நல்ல வரலாற்றுப் பயிற்சி அதுதான்.