பெசலெயேலுக்குப் பின் வந்த பேராசிரியர்

நூற்றாண்டு காணும் நம் பள்ளியைக் கட்டி எழுப்பிய மிஷனரி ஐயர்மாரின் பாடுகளைச் சபையார் நன்கு அறிவர். ஆகவே அவற்றை விடுத்து, தொடக்கப் பள்ளியில் தொழில்நுட்பக் கல்வி என்னும் பொருளில், நூற்றாண்டு மலர்க் குழுவினர் அன்புடன் பணித்தபடி இக்கட்டுரை அமைகிறது.

வேதத்திலிருந்து தொடங்குவதே முறை. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரப் பணிக்காக யூதா கோத்திரத்துப் பெசலெயேல் பேர்சொல்லி அழைக்கப்படுகிறான். அவன் ஆசாரியனல்லன், தீர்க்கதரிசியுமல்லன். பொன், வெள்ளி, வெண்கல வேலையும், இரத்தினம் பதிப்பதும், மரம் செதுக்குவதும் அறிந்த கைவினைஞன். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று வேதாகமம் முதன்முதல் ஒருவனைப் பேர் குறித்துச் சொல்வது இவனைத்தான். அதற்கு முன்பே 28ஆம் அதிகாரத்தில் ஆரோனுக்கு உடை தைப்பவர்கள் ஞானத்தின் ஆவியைப் பெற்றுவிடுகிறார்கள். தையல் வேலைக்கும் ஆவியின் வரம் உண்டென்பதைப் பிரசங்கங்களில் நாம் அதிகம் கேட்டதில்லை.

பலர் வாசித்துக் கடந்துபோகும் இடம் 35ஆம் அதிகாரம், 34ஆம் வசனம். பெசலெயேலுக்கும் தாண் கோத்திரத்து அகோலியாபுக்கும் செய்யும் திறமையோடு, பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் மனமும் அருளப்பட்டதாக அங்கே காண்கிறோம். கைவேலையையும் போதகத்தையும் ஒரே ஆளிடம் சேர்த்து வைத்திருக்கிறது வேதம். நமது ஆண்டவரையும் ஊரார் தச்சன் என்றே அறிந்திருந்தார்கள் என்கிறது மாற்கு 6ஆம் அதிகாரம்.

இந்த இரண்டு வரங்களும் ஒருசேர அமைந்த ஒருவரை நம் காலத்தில் தேடினால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பணியாற்றிய யானிஸ் மியாவூலிஸைக் காணலாம். பிறந்தது கிரேக்க நாட்டில். இருபது முக்காலிகளுக்குப் பொற்சக்கரம் பூட்டித் தாமே ஓடச் செய்த கொல்லுத் தெய்வத்தை ஹோமர் பாடிய மண் அது. பாஸ்டனை அடுத்த டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே இயந்திரப் பொறியியல் பேராசிரியரானார். 1994இல் பொறியியல் புலத்தின் தலைவரானார். அவரது துறை வெப்பப் பரிமாற்றம். பட்டாம்பூச்சிச் சிறகின் நுண்படலங்கள் வெயிலை எவ்வாறு கையாளுகின்றன என்று ஆராய்ந்தவர். வெப்பவியலைச் சமையல் வழியாகக் கற்பிக்கும் வகுப்பும் நடத்தினார். மாணவர்கள் சமைத்து, வெப்பத்தை அளந்து, கடைசியில் பாடத்தைச் சாப்பிட்டும் விடலாம்!

கல்லூரிக்கு வரும் வயதில் பொறியியலை அறிமுகம் செய்வது காலம் கடந்த செயல் என்பது அவர் கண்ட உண்மை. பள்ளிப் பிள்ளைகள் எரிமலை எப்படி வெடிக்கிறது என்று வாரக்கணக்கில் படிக்கிறார்கள். தினமும் ஏறிச்செல்லும் கார் எப்படி ஓடுகிறது என்று ஒரு நாளும் படிப்பதில்லை. எரிமலைக்குள் நாம் எத்தனை முறை போகப் போகிறோம் என்று வேடிக்கையாகக் கேட்பது அவர் வழக்கம். நாற்காலி, குழாய், செருப்பு, பாலம் என நம்மைச் சுற்றியிருப்பவற்றில் பெரும்பாலானவை மனிதர் செய்தவை. பாடப்புத்தகமோ மனிதர் செய்யாதவற்றை மட்டுமே பேசிக்கொண்டிருந்தது.

குறையைச் சொல்பவர்கள் எங்கும் உண்டு. பாடத்திட்டத்தை மாற்ற வைத்தவர் என்பதே மியாவூலிஸின் பெருமை. அவரும் பிறரும் வாதாடியதன் பலனாக, 2001இல் வெளியான மாசசூசெட்ஸ் அறிவியல் பாடத்திட்டத்தில் பொறியியலும் தொழில்நுட்பமும் மழலையர் வகுப்பு முதலே இடம்பெற்றன. அமெரிக்க மாநிலங்களில் இதுவே முதல். பல் வெட்டும் கருவி, கை பற்றும் கருவி என்று உடலையே கருவியாகக் காண்பது சின்ன வகுப்புப் பாடம். பறவையின் சிறகை விமானத்தின் இறக்கையோடு ஒப்பிடுவது அடுத்த நிலைப் பாடம். ஐந்தாம் வகுப்பின் மாநிலத் தேர்விலும் இப்பகுதி சேர்ந்தது. தேர்வில் கேட்காததை எந்தப் பள்ளியும் கருத்தோடு நடத்தாது என்பது நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2003இல் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் தலைமையை அவர் ஏற்றார். அங்கே கிறிஸ்டீன் கன்னிங்ஹாம் அம்மையார் உருவாக்கிய தொடக்கப் பள்ளிப் பொறியியல் பாடங்கள் தனியாகப் போற்றத்தக்கவை. எது தொழில்நுட்பம் என்று படங்களைக் காட்டிக் கேட்டபோது, மின்சாரத்தில் ஓடுவதை மட்டுமே பிள்ளைகள் தேர்ந்தார்கள். கோப்பையையும் செருப்பையும் விட்டுவிட்டு மின்னலைச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. அந்த எண்ணத்தை மாற்ற, ஒவ்வொரு பாடமும் ஒவ்வொரு நாட்டுக் குழந்தையின் கதையோடு தொடங்குகிறது. கேள், கற்பனை செய், திட்டமிடு, உருவாக்கு, மேம்படுத்து என்னும் ஐந்து படிகளில் வேலை நடக்கிறது. ஒரு கதையின் நாயகி நம் இந்தியச் சிறுமி சலிலா. ஆமையைக் காப்பாற்ற அவள் நீர்வடிகட்டி செய்யப் புறப்படுகிறாள். வகுப்பிலுள்ள பிள்ளைகளும் மணல் போன்ற எளிய பொருட்களை அடுக்கி அழுக்கு நீரை வடித்துப் பார்க்கிறார்கள். முதல் வடிகட்டி சரிவராவிட்டால் மதிப்பெண் குறைவதில்லை. ஐந்தாம் படியே அதற்காகத்தான்.

டஃப்ட்ஸிலேயே கிறிஸ் ரோஜர்ஸ் என்னும் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் லெகோ கட்டைகளைக் கொண்டு சிறுவர்க்கு ரோபோ கற்பித்ததும், 1998இல் ரோபோலேப் மென்பொருள் அதிலிருந்து பிறந்ததும் தனிக் கட்டுரைக்குரியவை. 2013இல் வந்த அமெரிக்கப் புதிய அறிவியல் கல்வித் தரங்களும் பொறியியல் வடிவமைப்பைத் தொடக்க வகுப்புகளிலேயே சேர்த்துக்கொண்டன.

நம் பள்ளியின் அறிவியல் கண்காட்சியிலோ கடையில் வாங்கிய தெர்மாகோல் எரிமலைக்குத்தான் இன்னமும் முதல் பரிசு. நூற்றாண்டுக் கட்டடத்தில் கணினி அறைக்கு இடம் ஒதுக்கியிருக்கும் நிர்வாகக் குழுவினர், பக்கத்திலேயே சுத்தியலும் ரம்பமும் முழக்கோலும் வைத்த ஒரு மேசைக்கும் இடம் பார்ப்பார்களாக. ஆசாரிமார், கொத்தனார், ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் எல்லாரும் நம் சபையிலேயே இருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் தரக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு நீர்வடிகட்டியிலேயே தொடங்கலாம். மணலும் ஜல்லியும் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கிடக்கின்றன.