கேஷ்லெஸ் அட்டையும் கடலூர் நோயாளியும்

மருத்துவக் காப்பீடு எடுத்தவர் கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் போதும், பணம் கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் அந்த அட்டைக்குப் பின்னால் இரண்டு ஒப்பந்தங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. ஒன்று நோயாளிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும். இன்னொன்று நிறுவனத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும். இரண்டாவதில் நோயாளியின் கையெழுத்தே கிடையாது! ஆனால் அது முறிந்தால் பில் விழுவது அவர் தலையில்தான்.

இது எப்படி வந்தது? 1986-ல் அரசுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளைம் பாலிசியைத் தொடங்கியபோது இந்தச் சிக்கல் இல்லை. நோயாளி முதலில் பணம் கட்டுவார், பிறகு ரசீதுகளை அனுப்பித் திரும்ப வாங்குவார். 2001-ல் டி.பி.ஏ. எனப்படும் இடைநிலை நிறுவனங்களுக்கு விதிமுறைகள் வந்தன. அதன்பிறகுதான் கேஷ்லெஸ் பரவியது. நோயாளிக்கு வசதிதான். ஆனால் கட்டணம் எவ்வளவு என்ற பேரம் அவர் இல்லாத அறைக்குப் போய்விட்டது.

முதல் பெரிய மோதல் 2010 ஜூலையில். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கு அரசு நிறுவனங்களும் டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரில் பல பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு கேஷ்லெஸ் வசதியை நிறுத்தின. 'காப்பீடு உண்டு என்று தெரிந்தாலே பில் ஏறுகிறது' என்பது நிறுவனங்களின் புகார். 'நீங்கள் தரும் கட்டணம் கட்டுப்படியாகாது' என்பது ஆஸ்பத்திரிகளின் பதில். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. நடுவில் பிரீமியம் கட்டியவர் கடன் வாங்கிப் பணம் கட்டினார்!

சரி, இது பெருநகரச் சண்டை. கடலூருக்கு என்ன வந்தது?

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லாவிட்டால் வேறொன்றுக்கு ஆட்டோவில் போகலாம். சிதம்பரத்தில் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடலூர் சுமார் 45 கிலோமீட்டர். புதுச்சேரி அதற்கும் அப்பால், வேறு நிர்வாகத்தின் கீழ். அரசு ஊழியர் காப்பீட்டை 2008-ல் ஸ்டார் ஹெல்த் நடத்தியது, 2012-ல் யுனைடெட் இந்தியாவுக்கு மாறியது. ஊழியரின் மாதச் சந்தா 2016-ல் 180 ரூபாய், 2021-ல் 300 ரூபாய். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஊழியர் இல்லை, அரசுதான். நடுராத்திரி நெஞ்சுவலி வந்தால் யாராவது பட்டியலைப் புரட்டுவார்களா? பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார்கள். பிறகு 'பட்டியலில் இல்லை' என்று நிராகரிப்புக் கடிதம் வரும்.

இப்படிப்பட்ட வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஏராளமாகப் போயின. பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக்கூடாது என்று அது பலமுறை சொல்லியிருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவர் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. சிகிச்சை உண்மையா என்பதே கேள்வி, ஆஸ்பத்திரியின் பெயர் அல்ல. நல்ல தீர்ப்புதான், ஆனால் ஒவ்வொருவரும் கடலூரிலிருந்து வக்கீல் வைத்து சென்னைக்கு அலைய வேண்டுமா?

ஏழைகளுக்கான திட்டத்திலும் ஒப்பந்தம் கைமாறியது. 2009 ஜூலையில் ஸ்டார் ஹெல்த்துடன் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் அது போய், 2012 ஜனவரியில் யுனைடெட் இந்தியாவுடன் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் வந்தது. சிதம்பரத்தில் வேறு ஒரு மாற்றம். 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, மாணவர்களின் நீண்ட கட்டணப் போராட்டத்துக்குப் பின் 2021-ல் சுகாதாரத்துறைக்கு வந்து, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. போராட்டம் படிப்புக் கட்டணத்துக்காகத்தான். ஆனால் அரசு ஆஸ்பத்திரி ஆனதால் 'இந்த ரேட் கட்டாது' என்று கதவைச் சாத்தாத பெரிய ஆஸ்பத்திரி ஒன்று மாவட்டத்துக்குக் கிடைத்தது.

2024 ஜனவரியில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் உண்டு என்று காப்பீட்டு நிறுவனங்களின் கவுன்சில் அறிவித்தது. அதற்கும் ஆஸ்பத்திரி சம்மதிக்க வேண்டும். அடுத்த வருடமே, 2025 ஆகஸ்டில், தனியார் ஆஸ்பத்திரிகளின் சங்கம் ஒன்று பஜாஜ் அலையன்ஸ் பாலிசிதாரர்களுக்கு செப்டம்பர் 1 முதல் கேஷ்லெஸ் தர வேண்டாம் என்று வட இந்தியாவில் உள்ள தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது. காரணம் அதே கட்டணத் தகராறு. பேச்சுவார்த்தைக்குப் பின் அது கைவிடப்பட்டது. அந்தப் பேச்சுவார்த்தை மேஜையிலும் பாலிசிதாரருக்கு நாற்காலி இல்லை.