உதடு முன்னே, குரல் பின்னே

சிங்காநல்லூர் வீட்டுத் திண்ணையில் அம்மிச்சியை உட்காரவைத்து, அவர் பழைய கதை பேசுவதை ஒரு மணி நேரம் படம்பிடித்தேன். திருச்சி ரோட்டின் இரைச்சலில் கேமரா மைக்கை நம்ப முடியாது. அதனால் ஒரு சின்ன ரெக்கார்டரைத் தனியாக அவர் பக்கத்திலேயே வைத்தேன். ராத்திரி கம்ப்யூட்டரில் ஒலியையும் படத்தையும் சேர்த்துப் பார்த்தால், தொடக்கம் கச்சிதமாக இருக்கிறது. போகப்போக விலகி, கடைசியில் உதடு அசைந்த பிறகு குரல் வருகிறது. மறுநாள் அவரிடமே காட்டினேன்.

“என்ற வாயி முன்னால போவுது, பேச்சு பொறகால வருதே கண்ணு” என்று சிரித்தார்.

இதே தொல்லையோடு எண்பது, தொண்ணூறு வருடங்களுக்கு முன்பே எங்கள் ஊரில் ஆட்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1935இல் மில் அதிபர் பி. ரங்கசாமி நாயுடு, தென்னிந்தியாவில் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு போன்றவர்கள் சேர்ந்து தொடங்கிய சென்ட்ரல் ஸ்டூடியோ சிங்காநல்லூரில்தான் இருந்தது. பாகவதரின் ‘ஹரிதாஸ்’ (1944), எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) எல்லாம் அங்கே உருவானவை. பாட்டும் வசனமும்தான் அந்தப் படங்களின் உயிர். குரல் கொஞ்சம் பிந்தினாலும் கதை முடிந்தது.

இந்தியாவின் முதல் பேசும் படம் வந்த 1931இல் இந்தச் சிக்கல் இல்லை. பம்பாய் இம்பீரியல் கம்பெனி ‘ஆலம் ஆரா’வை எடுத்த டானார் கருவி, படத்தையும் ஒலியையும் ஒரே பிலிமில் பதிந்தது. ஒரே பிலிம் என்பதால் இரண்டும் பிரிய வழியில்லை. ஆனால் வெட்டவும் வழியில்லை. புரொஜெக்டரில் படம் ஒவ்வொரு ஃபிரேமாக நின்று நின்று நகர வேண்டும். ஒலியோ நிற்காமல் ஓட வேண்டும். அதனால் பிலிமில் ஒலி, தனக்குரிய படத்திலிருந்து சுமார் 20 ஃபிரேம் தள்ளியே இருக்கும். படத்தை வெட்டினால் வேறு யாரோ பேசிய சொல்லும் சேர்ந்து அறுபடும். இதற்குத் தீர்வாகத்தான் ஒலிக்கு ஒரு பிலிம், படத்துக்கு ஒரு பிலிம் என்று பிரித்தார்கள்.

பிரித்ததும் இரண்டு கேள்விகள் முளைத்தன. எங்கிருந்து தொடங்குவது? ஒரே வேகத்தில் ஓடுகின்றனவா?

முதல் கேள்விக்குப் பதில் கிளாப் போர்டு. கட்டை மூடும் ஃபிரேமைப் படத்தில் தேடு, ‘டப்’ என்ற சத்தத்தை ஒலியில் தேடு, இரண்டையும் ஒரே இடத்தில் வை. அவ்வளவுதான். விநாடிக்கு 24 ஃபிரேம் என்பதால், ஒரு ஃபிரேம் தவறினால் 42 மில்லி விநாடி போயிற்று.

இரண்டாம் கேள்விக்குப் பதில் மின்சாரம். மின்னோட்டத்தின் அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டு ஓடும் சிங்க்ரனஸ் மோட்டாரைக் கேமராவிலும் ஒலிக்கருவியிலும் பொருத்தி, இரண்டுக்கும் ஒரே இணைப்பைக் கொடுத்தார்கள். கோவைக்காரர்களுக்கு இதில் ஒரு தனி ருசி உண்டு. பைக்காராவில் மின் உற்பத்தி தொடங்கியது 1932இல். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே மோட்டார் செய்தது 1937இல். பைக்காரா மின்சாரம், மோட்டார், ஸ்டூடியோ மூன்றும் இந்த ஊரில் ஒரே பத்தாண்டில் வேர்பிடித்தவை.

கம்பியில் கட்டுண்ட இந்த ஜோடி தெருவுக்கு வர முடியாதே? 1950களில் ஸ்டீஃபான் குடெல்ஸ்கி உருவாக்கிய நாக்ரா ரெக்கார்டர் தோளில் தொங்கியது. கேமராவின் வேகத்தை ‘பைலட்’ ஒலியாக டேப்பிலேயே பதிந்துகொண்டது. பிறகு குவார்ட்ஸ் படிகக் கடிகாரம் வந்து அந்தக் கம்பியும் போயிற்று. வீடியோ டேப் எடிட்டிங்குக்காக 1960களின் பிற்பகுதியில் பிறந்ததுதான் டைம்கோட். மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு முகவரி. 14:32:07:18 என்று கேமராவும் ரெக்கார்டரும் ஒரே எண்ணைப் பதிந்திருந்தால், மென்பொருள் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடும்.

ஆனால் டைம்கோட் தருவது முகவரிதான். வேகத்தைக் காப்பது கடிகாரம். என் கேமராவின் கடிகாரத்துக்கும் ரெக்கார்டரின் கடிகாரத்துக்கும் ஒரு லட்சத்துக்கு ஐந்து பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகிவிடும். வீடியோவில் விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால், நாலரை ஃபிரேம். அம்மிச்சியின் பேச்சு பொறகால வந்த ரகசியம் இதுதான்.

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. குரலை உடம்பிலிருந்து பிரிக்க முடிந்ததும், மாற்றவும் முடிந்தது. 1945இல் வந்த ஏவி.எம்.மின் ‘ஸ்ரீவள்ளி’யில் குமாரி ருக்மிணி பாடி நடித்த பாட்டுகளை நீக்கிவிட்டு, அவர் உதட்டசைவுக்குப் பொருந்தும்படி பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்தார்கள். தொழில்நுட்பமாக அது பெரிய சாதனை. ருக்மிணிக்கு அது எப்படி இருந்திருக்கும்? பிறகு டப்பிங்தான் நம் வழக்கமாயிற்று. ஒருத்தர் முகம், இன்னொருத்தர் குரல், எந்த ஊரும் இல்லாத ஒரு தமிழ். ‘விருமாண்டி’ (2004) போல நேரடி ஒலிப்பதிவுக்குத் துணிந்த படங்கள் வரும்போதுதான், ஒரு வட்டாரத்தின் பேச்சு அது பேசப்பட்ட காற்றோடு சேர்ந்து கேட்கிறது.

சென்ட்ரல் ஸ்டூடியோ இன்று இல்லை. ஆனால் ஒரு முகத்துக்கு அதன் குரலையே பொருத்திவைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. அம்மிச்சியின் ‘ஏனுங்க’வும் ‘என்ற’வும் வேறு யார் வாயிலும் அப்படி வராது.

டைம்கோட் பெட்டி வாங்கக் காசில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி படம்பிடித்தேன். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை அவரையே கை தட்டச் சொன்னேன். இரண்டு தட்டலுக்கும் நடுவே ஒலி எவ்வளவு நீண்டிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்துவிடலாம்.

“அம்மிச்சி, கையத் தட்டுங்க.”

“இதெதுக்குக் கண்ணு?”

“உங்க பேச்சு உங்க வாயிலயே இருக்கோணுமில்ல, அதுக்குத்தான்.”

தட்டினார். படத்திலும் ஒலியிலும் அந்தத் தட்டல் ஒரே ஃபிரேமில் உட்கார்ந்திருக்கிறது.