மனச்சுமையும் அதனை இறக்கும் வழியும்

தலைச்சுமையோடு நெடுவழி நடப்போர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறும் பொருட்டுத் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நாட்டப்பெற்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நாட்டுவது வழக்கம். உடற்சுமைக்குக் கல் நாட்டிய மக்கள் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தபோது, அவர்தம் மனச்சுமையை இறக்க எவ்விடம் இருந்தது என்பது வரலாறு கேட்க வேண்டிய வினா.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி 1886இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்சில் இரயில்வே தொழிலாளரும் எழுத்தரும் குடியேறினர். கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் பால்மரத்தை நம்பிய குடும்பங்கள் பெருகின. பிற்காலத்தில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, அக்குடும்பங்கள் பல நகர்ப்புறத்து அடுக்குமாடிகளுக்கும் ஆலைகளுக்கும் பெயர்ந்தன. பிரிவுத்துயர், கடன், வேலை நிலையாமை ஆகியவை தலைமுறை தோறும் வடிவம் மாறித் தொடர்ந்தன. ஆறுதல் தேடிக் கோயிலுக்குச் சென்றோர் உண்டு. கள்ளுக்கடைக்குச் சென்று கெட்டோரும் உண்டு.

மருத்துவம் அந்நாளில் தொலைவில் இருந்தது. ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. நோய் முற்றியோரை ஊரினின்று பிரித்து மதிலுக்குள் வைத்துக் காப்பதே அக்கால முறை. நாளடைவில் அவ்வூரின் பெயரே வசைச்சொல்லாயிற்று. பிள்ளைகள் கூடப் பிறரைப் பழிக்க அப்பெயரைக் கையாண்டனர். விளைவு யாது? மனம் கலங்குகிறது என்று வாய்திறந்து சொல்லவே மக்கள் அஞ்சினர். அன்றாடக் கவலைக்கும் பெருநோய்க்கும் இடையே உள்ள வேறுபாடு மறைந்து, நாணம் ஒன்றே எஞ்சியது.

அந்த நாணத்தை உடைத்த முதல் முயற்சிகளுள் ஒன்று செவிகொடுத்துக் கேட்டல். இலண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார் 1953இல் தொடங்கிய தொண்டினை ஒட்டி, 1970இல் கோலாலம்பூரில் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பு தோன்றியது. துயருற்றோர் தொலைபேசியில் அழைத்தால், பயிற்சி பெற்ற தொண்டர் பழிக்காமல், இடைமறிக்காமல் கேட்பர். மதிலுக்குப் பதில் செவி கிடைத்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் மற்றொரு வழி உருவாகிக்கொண்டிருந்தது. பிலடெல்பியாவில் பணியாற்றிய மருத்துவர் ஆரன் பெக் (1921–2021) ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வில் பயின்றவர். மனச்சோர்வுற்றோரின் கனவுகளை ஆராய்ந்து அக்கொள்கையை மெய்ப்பிக்க முற்பட்டார், சான்றுகள் இணங்கவில்லை. அவர் கண்டது வேறு: சோர்வுற்றோர் உள்ளத்தில் தம்மைத் தாமே தாழ்த்தும் எண்ணங்கள் தாமாகவே எழுந்து, ஆராயப்படாமலே உண்மையென ஏற்கப்பட்டன. அவ்வெண்ணங்களை ஆராயக் கற்பிப்பதே மருத்துவம் எனத் துணிந்தார். ஆல்பர்ட் எல்லிஸ் என்பாரும் 1950களிலேயே இதனை ஒத்த முறையை வகுத்திருந்தார். நடத்தையை மாற்றும் பயிற்சிகளும் இதனோடு இணைய, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்னும் முறை நிலைபெற்றது.

இம்முறையின் கருவி ஓர் ஏடும் எழுதுகோலுமே. கிள்ளானில் எஸ்.பி.எம். மாணவி ஒருத்தி முன்னோட்டத் தேர்வில் கணிதத்தில் தோற்றாள் எனக் கொள்வோம். "நான் எதற்கும் உதவாதவள்" என்னும் எண்ணம் எழுகிறது, உறக்கம் கெடுகிறது, நூலைத் தொடவே அச்சம். அவள் ஏட்டில் நிகழ்ச்சியை ஒரு பத்தியிலும் எண்ணத்தை அடுத்த பத்தியிலும் எழுதுகிறாள். பின்னர் அவ்வெண்ணத்துக்குச் சார்பான சான்றையும் எதிரான சான்றையும் எழுதுகிறாள். தமிழிலும் வரலாற்றிலும் தேறியது எதிர்ச்சான்று. தவறிய வினாக்கள் இரண்டு பாடங்களுக்குள் அடங்குவது மற்றொன்று. "இவ்விரு பாடங்கள் எனக்கு விளங்கவில்லை" என்பதே உண்மைக்கு நெருங்கிய கூற்று. இறுதியாக ஒரு சிறு செயல்: நாளை ஆசிரியரை அணுகி முதல் பாடத்தைக் கேட்டல். எண்ணம் திருந்துவதோடு கை இயங்கவும் வேண்டும்.

எண்ணப் பிழைகளுக்கு மேலைநாட்டார் பெயரிட்டனர். தமிழரிடம் அவற்றுக்குப் பழமொழிகளே உண்டு. சிறு தவற்றைப் பேரழிவாகக் காண்பது பேனைப் பெருமாளாக்குதல். முழு வெற்றி இன்றேல் முழுத் தோல்வி என்பது "வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை". அச்சத்தால் யாவும் தீதெனத் தோன்றுவது "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்". திருக்குறளில் இடுக்கணழியாமை என ஓர் அதிகாரமே உண்டு. இதனால் இம்மருத்துவத்தை நம் முன்னோரே கண்டனர் எனப் பெருமை பேசுதல் தகாது. கற்பிக்கச் சொற்கள் ஆயத்தமாக உள்ளன என்பதே ஆசிரியர் கொள்ளத்தக்க செய்தி.

மருத்துவர் மட்டுமே இதனைக் கையாள முடியுமோ எனின், அன்று. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிச் சிற்றூர்களில் உடல்நலப் பணிப்பெண்களுக்கு இம்முறையில் பயிற்சி அளித்து, மனச்சோர்வுற்ற தாய்மாரிடம் அனுப்பினர். 2008இல் வெளியான முடிவின்படி, மகப்பேற்றுக்கு ஆறு திங்களுக்குப் பின், பயிற்சி பெற்றோர் கண்ட தாய்மாருள் 23 விழுக்காட்டினரே சோர்வில் இருந்தனர்; ஏனையோருள் 53 விழுக்காட்டினர்.

எனினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வாடகை கட்ட இயலாத தாயிடம் "உன் எண்ணத்தை மாற்று" என்பது மருத்துவமன்று; கொடுமை. அவளது இடர் எண்ணத்தில் இல்லை, இல்லத்தில் உள்ளது. எது மெய்யான இடர், எது அதன்மேல் மனம் ஏற்றிய சுமை எனப் பிரித்தறிவதே இம்முறையின் பயன். முன்னதற்கு உதவியும் நீதியும் வேண்டும், பின்னதற்கே ஏடு. நோய் முற்றியவிடத்து மருத்துவரையும், 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற ஆலோசகரையும் நாடுதல் கடன்.

தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயல்வோருக்கு ஓராண்டு வரை சிறை விதித்த குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு மலேசியாவில் 2023இல் நீக்கப்பட்டது. துயருற்றவர் குற்றவாளியல்லர் எனச் சட்டம் ஒப்பிவிட்டது. வகுப்பறையும் வீடும் ஒப்ப வேண்டும். கடைசி இருக்கையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் மாணவனிடம் "என்னப்பா, மனத்தில் என்ன?" என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருக்கும் ஆசிரியரே இந்நாட்டில் தமிழர் நாட்ட வேண்டிய சுமைதாங்கிக் கல்.