வாசிங்டன் சுந்தர்
வாசிங்டன் சுந்தர் (பிறப்பு: அக்டோபர் 5, 1999) சென்னையைச் சேர்ந்த இந்தியத் துடுப்பாட்டக்காரர், இடதுகை மட்டையாளர், வலதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 2016இல் வங்காளதேசத்தில் நடைபெற்ற 19 வயதிற்குட்பட்டோர் உலகக்கிண்ணத்தில் ஆடினார்.

2017 ஐ.பி.எல். தொடரில், காயமடைந்த அசுவினுக்கு மாற்றாகப் புனே அணியில் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டு திசம்பரில் 18 வயதில் இலங்கைக்கு எதிராகப் பன்னாட்டுப் போட்டிகளில் அறிமுகமானார்.

ஆத்திரேலியச் சுற்றுப்பயணத்தில் வலைப்பயிற்சியில் பந்துவீசத் தங்கவைக்கப்பட்டிருந்தார். அசுவினும் சடேசாவும் காயமடைந்ததால், 2021 சனவரியில் பிரிஸ்பேனில் முதல் தேர்வுப் போட்டியில் ஆடினார். அவரது முதல் இலக்கு ஸ்டீவ் சிமித். ஆத்திரேலியாவின் 369 ஓட்டங்களுக்கு எதிராக இந்தியா 186 ஓட்டங்களுக்கு 6 இலக்குகளை இழந்து தடுமாறியது. அப்போது சர்துல் தாக்கூருடன் 123 ஓட்டங்கள் சேர்த்த சுந்தர், 62 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா 3 இலக்குகளால் வென்று, தொடரை 2–1 எனக் கைப்பற்றியது.