கட்டவிழ்ந்த கலங்கள்

கலம் என்னும் சொல்லுக்குத் தமிழிற் பொருள் பல. உண்ணும் பாத்திரமும் கலம். கடலோடும் மரக்கலமும் கலம். இலங்கைப் பாடநூல்களில் உயிரினங்களின் உடலை ஆக்கும் மிகச் சிறிய அலகுக்கும் கலம் என்றே பெயர். திருகோணமலைத் துறைமுகத்தின் அருகே வாழும் எனக்கு இப்பெயர் மிகப் பொருத்தமானதாகவே தோன்றுகின்றது. வாடைக்காலத்தில் ஒரு தோணியின் கயிறு அறுந்தால் அது தன் துறையை விட்டு வேறெங்கோ சென்று கரைதட்டும். உடற்கலமும் அவ்வாறே கட்டவிழ்ந்து சென்று வேறோர் உறுப்பிற் குடியேறுவதுண்டு. அதனையே புற்றுநோய் பரவிவிட்டது என்கிறோம். புற்றுநோயால் இறப்போருட் பெரும்பாலோரின் உயிரைக் கவர்வது முதலில் தோன்றிய கட்டியன்று, இந்தப் பரவலே. இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன். நான் வரலாறு கற்றவன், வைத்தியன் அல்லன்.

பிரான்சு நாட்டு வைத்தியர் றெக்கமியே 1829 ஆம் ஆண்டில் இப்பரவலுக்கு முதன்முதலாகத் தனிப்பெயர் இட்டார். அறுபது ஆண்டுகள் கழிந்தபின், 1889 இல், இலண்டன் சத்திர வைத்தியர் ஸ்டீபன் பஜெற் என்பார் மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். இரத்தம் எல்லா உறுப்புகளுக்கும் செல்கின்றது. ஆயினும் ஈரலில் நோய் அடிக்கடி குடியேறியிருந்தது, மண்ணீரலிலோ அரிதாகவே காணப்பட்டது. இது தற்செயல் அன்று என அவர் கண்டார். விதை எங்கும் விழலாம். இசைந்த நிலத்திலேதான் முளைக்கும் என்பது அவரது முடிவு. ஆனால் விதை ஏன் செடியை விட்டு நீங்கிற்று என்னும் கேள்விக்கு அக்காலத்தில் விடை கிடைக்கவில்லை.

விடை கிடைக்க ஏறக்குறைய நூறாண்டு சென்றது. யப்பானிய அறிஞர் மசதொசி தக்கெயிச்சி, 1970களில், கலங்கள் ஒன்றையொன்று பற்றி நிற்பதற்குக் கல்சியம் இன்றியமையாதது எனக் கண்டார். அவ்வாறு பற்றி நிற்கும் புரதத்துக்கு 1984 இல் கடெரின் எனப் பெயரிட்டார். நங்கூரக் கயிறு தோணிக்கு எத்தகையதோ, அத்தகையது கலத்துக்கு இப்புரதம். 1991 ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய ஆய்வுகூடங்களில் ஒரு சோதனை நிகழ்ந்தது. இக்கயிற்றை இழந்த புற்றுக்கலங்கள் அயலிலுள்ள இழையத்தை ஊடுருவிச் சென்றன. அவற்றுக்கு அதே புரதத்தை மீட்டுக் கொடுத்தபோது ஊடுருவல் தணிந்தது. 1998 இல் நியூசீலாந்தின் மாவோரிக் குடும்பமொன்றில், தலைமுறை தலைமுறையாக இளவயதிலேயே இரைப்பைப் புற்றுநோய் வந்ததன் காரணமும் வெளியாயிற்று. இப்புரதத்தை ஆக்கும் பரம்பரை அலகிலே பழுது இருந்தது.

கயிறு அறுந்தால் மட்டும் போதாது. கலம் நகரவும் வேண்டும், வழி திறக்கவும் வேண்டும். தசையிலே 1942 இல் அங்கேரி நாட்டில் ஸ்ராவுப் கண்டறிந்த அக்டின் என்னும் புரதம், ஏனைய கலங்களிலும் உண்டெனப் பின்னர் தெரியவந்தது. அது நூலாக நீண்டு கலத்தின் முன்விளிம்பைத் தள்ளுகின்றது. மயோசின் என்னும் வேறொரு புரதம் பின்புறத்தை இழுக்கின்றது. வழி திறப்பதற்கும் புரதங்கள் உள. 1962 இல் குரோஸ், லப்பியேர் என்னும் இருவர், வாற்பேய் தவளையாகும்போது அதன் வால் எங்ஙனம் மறைகின்றது என ஆராய்ந்து, இழையத்தின் உறுதியான நாரைக் கரைக்கும் நொதியமொன்றைக் கண்டனர். அதே இனத்தைச் சேர்ந்த நொதியங்களைக் கொண்டே புற்றுக்கலமும் தன் வழியை வெட்டிக்கொள்கின்றது. கருவிலே குழந்தை உருவாகவும், புண் ஆறவும் உதவும் நல்ல கருவிகளே இவையெல்லாம். அவை வேளையல்லா வேளையில், ஆணைக்கு அடங்காது இயங்குவதே நோய்.

அந்த நொதியத்தைத் தடுத்தால் நோய் பரவாதன்றோ என நேயர்கள் கேட்கலாம். விஞ்ஞானிகளும் அவ்வாறே எண்ணினர். 1990களில் அத்தகைய மருந்துகள் நோயாளரிடம் பரீட்சிக்கப்பட்டன. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை, மூட்டு நோவே மிஞ்சிற்று. பலரிடத்தே மருந்து சேருமுன்னரே கலங்கள் துறையை விட்டுப் போய்விட்டன என்பது அத்தோல்விக்குரிய காரணங்களுள் ஒன்று. ஆகவே, தோணி கட்டிலிருக்கும்போதே கயிற்றைப் பார்க்கவேண்டும்.

இனி நம் வீட்டுத் திண்ணைக்கு வருவோம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலைத் தட்டத்துக்கும் இதற்கும் உள்ள உறவு நெடுநாளாகவே அறியப்பட்டது. அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூரில் பணியாற்றிய வைத்தியர் ஓர், 1933 இலேயே இதனைப் பற்றி எழுதினார். புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றுநோயை விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூல் உறுதிசெய்தது.

1980களின் தொடக்கத்தில் நம் நாட்டிலேயே அரியதொரு முயற்சி நிகழ்ந்தது. கிராமச் சுகாதார ஊழியர்கள் பயிற்சி பெற்று, ஓராண்டில் 28,000க்கு மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்தனர். வைத்தியர் அல்லாதாரும் நோய்க்குறியை நன்கு இனங்காண முடியும் என்பது தெளிவாயிற்று. ஆனால் மேற்பரிசோதனைக்கு வருமாறு பணிக்கப்பட்டோரில் ஏறக்குறைய அரைவாசிப்பேரே வந்தனர். கண்டுபிடிக்கும் வழி இருந்தது. வருவதற்கு மனம் இல்லை.

அந்த வராத பாதியை நான் அறிவேன். இளம் ஆசிரியனாக இருந்த நாளில், பாடசாலைக் காவலரான முதியவர் ஒருவர் எப்போதும் ஒரு கன்னத்தில் வெற்றிலையை அடக்கியிருப்பார். அக்கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஏதோ படர்ந்திருப்பதாக ஒருநாள் சொன்னார். “சுண்ணாம்பு சுட்டிருக்கும், ஐயா” என்று அவரே சமாதானமும் கூறினார். நானும் அதை நம்பினேன். மறு ஆண்டு அவர் கழுத்திலே நெறி கட்டியிருந்தது. கலங்கள் அதற்குள் முதற்றுறையைக் கடந்துவிட்டன. அன்று அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றிருக்கலாமே என்னும் எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

வாயிலே வெண்படலமோ செம்படலமோ தோன்றினால், மூன்று வாரத்துக்குள் ஆறாத புண் இருந்தால், வாயைத் திறப்பது நாளுக்கு நாள் கடினமானால், நோவில்லை என்று இருந்துவிடாதீர்கள். பற்சிகிச்சை நிலையத்திலோ அரசாங்க வைத்தியசாலையிலோ காட்டுங்கள். பெரியவர்கள் தயங்கினால் வீட்டுப் பிள்ளைகள் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். றெக்கமியே முதல் தக்கெயிச்சி வரை அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத் தேடிய அறிவு, நம் ஊர் முதியவர் ஒருவர் உரிய காலத்தில் வாயைத் திறந்து காட்டும்போதுதான் பயன் தருகின்றது.