'பஞ்ச்' சித்திரங்களும் 1850ஆம் ஆண்டின் சமயப் பூசலும்

ஆங்கில நாட்டின் சமயப் பூசல்களை ஆராய்வோர் சட்டங்களையும் பாராளுமன்ற உரைகளையுமே பெரிதும் நாடுவர். மக்கள் உள்ளத்திற் கிடந்த அச்சத்தையும் வெறுப்பையும் அறிதற்குக் கேலிச்சித்திரங்களே சிறந்த சான்றாம் என்பது எமது கருத்து.

1850ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள், பாப்பரசர் ஒன்பதாம் பயஸ் இங்கிலாந்திற் கத்தோலிக்க மேற்றிராசனங்களை மீண்டும் நிறுவினார். வைஸ்மன் என்பார் வெஸ்ற்மின்ஸ்ரர் அதிமேற்றிராணியாராகவும் கருதினாலாகவும் நியமனம் பெற்றார். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829இலேயே பெற்றிருந்தனர். ஆயினும் பழைய அச்சம் அடங்கியிருந்ததேயன்றி அழிந்திலது. பஞ்சத்துக்கு ஆற்றாது அயர்லாந்திலிருந்து வந்து குவிந்த ஏழைக் கத்தோலிக்கரைக் கண்டு அது மேலும் வளர்ந்திருந்தது. இந்நிலையில், சில மாவட்டங்களைத் தாமே ஆள்வதுபோல வைஸ்மன் எழுதிய திருமுகம் எரிகின்ற நெருப்பில் நெய் வார்த்தது.

பிரதம மந்திரி லோட் ஜோன் றசல், நவம்பர் 4ஆம் நாள் டறம் மேற்றிராணியாருக்கு எழுதிய கடிதத்திற் பாப்பரசரின் செயலை வன்மையாகக் கண்டித்தார். 1828இற் சமய உரிமைக்காக வாதாடியவரும் இதே றசலே! அக்கடிதம் பத்திரிகையில் வெளிவருமுன்னரே, நவம்பர் 5ஆம் நாட் கொண்டாட்டத்திற் பாப்பரசர், வைஸ்மன் ஆகியோரின் கொடும்பாவிகள் பலவிடங்களிற் கொளுத்தப்பட்டன.

1841இல் தோன்றிய 'பஞ்ச்' வார இதழும் கத்தோலிக்கத் திருச்சபையை இடைவிடாது எள்ளி நகையாடிற்று. அவ்விதழின் சித்திரக்காரருள் ஒருவரான றிச்சாட் டொயில் கத்தோலிக்கர். ஷேர்லக் ஹோம்ஸ் கதைகளை யாத்த ஆதர் கொனன் டொயிலின் பெரிய தந்தை. பத்தொன்பதாம் வயதிற் பணியேற்ற அவர், தம் சமயத்தை இழிவுசெய்யும் இதழில் நிலைத்திருக்க மனமின்றி, 1850இல் விலகினார். அத்துணை நிலையான வேறொரு தொழில் அவருக்குப் பின்னர் வாய்க்கவில்லை. அவர் விட்ட இடத்துக்கு வந்த ஜோன் ரெனியலோ அரை நூற்றாண்டு புகழோடு விளங்கினார். டொயில் வரைந்த முகப்போவியத்தை மட்டும் 'பஞ்ச்' கைவிடவில்லை. 1956 வரை அதனையே தாங்கி வந்தது.

புதிய மேற்றிராசனப் பட்டங்களைச் சூடுவோருக்கு 100 பவுண் தண்டம் விதிக்கும் மசோதாவை றசல் 1851இற் கொணர்ந்தார். எதிர்ப்புக் கிளம்பவே அதன் கடுமையைக் குறைத்தார். அப்பொழுது ஜோன் லீச் வரைந்த சித்திரம் 'பஞ்ச்' இதழில் வெளிவந்தது. இயல்பாகவே குள்ளரான றசல் அதிலே ஒரு குறும்புச் சிறுவன். பாப்பரசு வேண்டாவென வெண்கட்டியாற் சுவரில் எழுதிவிட்டு ஓட்டமெடுக்கிறான்.

இச்சித்திரத்தைச் சமயப் பொறைக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. எழுதியமைக்காக அன்று, ஓடியமைக்காகவே றசல் நகைக்கப்பட்டார். சுவரிலிருந்த எழுத்தை 'பஞ்ச்' அழிக்க முயலவில்லை. 1852ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஸ்ரொக்போட் நகரிற் கலகம் மூண்டபோது, தாக்கப்பட்டவை ஐரிஷ் ஏழைகளின் வீடுகளும் அவர்தம் கோயில்களுமே. மசோதாவோ 1851இற் சட்டமாகி, எவரையும் தண்டியாமலே கிடந்து, 1871இல் நீக்கப்பட்டது.